ரேடியோவை அணைச்சுட்டு வாம்மா

கோம்பாக் டோலைத் தாண்டியதும் காராக் நெடுஞ்சாலை ஏறத் தொடங்கும். பெந்தோங்கில் சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா முன்சீட்டில், அம்மா பின்சீட்டில், அம்மாவின் மடியில் ஒரு தட்டு நிறைய அதிரசம்.

இடது தடத்தில் ஒரு சிமெண்டு லாரி முக்கி முனகிக்கொண்டு ஏறியது. முந்திவிடலாம் என்று வலது தடத்துக்கு மாறி எண்ணெயை அழுத்தினேன். வண்டி இழுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். மிதி தரையைத் தொட்டுவிட்டது, சத்தம் மட்டும் கூடியது. 85, 80, 76... முள் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் லாரி. பின்னால் ஒரு வேன், கண்ணாடி முழுக்க அதன் ஹைபீம். முன்னே போகவும் வழியில்லை, பின்னே வரவும் வழியில்லை. பத்து வினாடிதான் இருக்கும். கடைசியில் வேகத்தைக் குறைத்து, லாரியை முன்னே விட்டு, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா மட்டும், "பரவால்ல, மெதுவாவே போ" என்றார். அவர் உள்ளங்கை டாஷ்போர்டை அழுத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

அது அப்பாவின் கார். வேலை ஓய்வு பெற்றதும், வாழ்க்கையில் ஒரே ஒரு ஆடம்பரம் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் வண்டி. 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், கூடவே ஒரு சூப்பர்சார்ஜர். கண் பார்வை மங்கியதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். வண்டியின் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். பதினைந்து வயதான எந்த வண்டிக்கும் வரக்கூடிய நோய்தான் அது.

பெந்தோங்கிலிருந்து திரும்பிய இரவு அப்பா சொன்னார்: "வித்திடும்மா. உனக்குத்தான் தொந்தரவு." அவர் அதைச் சொன்ன விதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சாதாரண இன்ஜின் தன்னால் முடிந்த அளவுக்குக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் அந்தக் காற்றைத் திணித்து ஊட்டிவிடும். காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் டர்போவைச் சுழற்றுவது புகைக் குழாயில் வெளியேறும் சூடான வாயு. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது இன்ஜினே, ஒரு பெல்ட் வழியாக. அதனால்தான் மிதித்த உடனே பதில் வரும். ஊய்ங்... என்று ஒரு ஊளைச் சத்தமும் கேட்கும்.

எங்கள் வண்டியில் இருப்பது ரூட்ஸ் வகை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதி அது. அப்போது கார் என்ற ஒன்றே கிடையாது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதத்தான் அது பயன்பட்டது. இன்ஜினுக்குக் காற்றைத் திணிக்கலாம் என்று 1885இல் காட்லிப் டைம்லர் காப்புரிமை எடுத்தார். உள்ளே இரண்டு உருளைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழலும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று கணக்காகத் தள்ளும். அவ்வளவுதான். அதில் கெட்டுப்போகும் பாகங்கள் மிகக் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குப் பிறகு தேவைப்படும்.

முதல் பட்டறைக்குப் போனேன். பையன் ஒரு கருவியைச் செருகினான். பி 0171 என்று கோடு வந்தது. காற்றுக்கேற்ற பெட்ரோல் போதவில்லை, கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பார்க் பிளக் நான்கும் மாற்றினார்கள். காற்றை அளக்கும் சென்சரையும் மாற்றினார்கள். 1,150 வெள்ளி. எச்சரிக்கை விளக்கு அணைந்தது. பன்னிரண்டாம் நாள் மீண்டும் எரிந்தது. வண்டி முன்போலவே சோம்பலாக ஓடியது.

இரண்டாவது பட்டறையில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அக்கா, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட சொல்றேன்" என்றார்கள். வண்டியை ஓட்டுவது நான், பணம் கட்டுவதும் நான் என்று சொன்ன பிறகு தீர்ப்பு வந்தது: "சூப்பர்சார்ஜர் போச்சு. ஹாஃப் கட் வண்டியிலேர்ந்து எடுத்துப் போடலாம். 4,200." எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வயசாச்சுல்ல" என்றார். எனக்கும்தான் வயசாகிறது, அதற்காக நுரையீரலையா மாற்றச் சொல்கிறார்கள்?

அவர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. இரண்டு இடத்திலும் நான் சொன்ன முதல் வாக்கியம், "அண்ணே, சீக்கிரம் முடிச்சுக் குடுங்க, 4 மணிக்கு ஸ்டூடியோவுல இருக்கணும்" என்பதுதான். அவசரமாக வருகிறவர்களுக்குப் பாகத்தை மாற்றித்தான் கொடுப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை நான் கொடுக்கவில்லை.

மூன்றாவதாகப் போனது செந்தூலில், ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறை. என் தோழியின் அப்பா சொல்லி அனுப்பினார். அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர். எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பானட்டைத் திறப்பார் என்று பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"திடீர்னு போச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமா அங்கிள். எட்டு மாசம் இருக்கும்."

"காலைல வண்டி குளிர்ந்து இருக்கும்போது நல்லா இருக்கா? இல்ல, ஜாம்ல நின்னுட்டு வந்தா மட்டும் மோசமா?"

"எப்பவும் ஒரே மாதிரிதான்."

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. காற்றை அழுத்தினால் அது சூடாகும். அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் இருக்கிறது. நம் ஊர் வெயிலில், நெரிசலில் அரை மணி நேரம் நின்றால் எல்லாமே கொதித்துப் போயிருக்கும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. உள்ளே வெடிப்பு முந்திக்கொண்டு நடந்து இன்ஜின் தட்டாமல் இருக்க, கம்ப்யூட்டர் தானாகவே இக்னிஷன் நேரத்தைத் தள்ளிப்போடும். சக்தி குறையும். அது நோய் இல்லை, வண்டி தன்னைக் காத்துக்கொள்வது. கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடும். எனக்கு எப்போதும் ஒரே மாதிரி என்றதால் அந்தக் கதவு மூடப்பட்டது.

"பெட்ரோல் கூட குடிக்குதா?"

"ஆமாம், வாரத்துக்கு இருபது வெள்ளி கூட ஆகுது."

"சத்தம் ஏதாச்சும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் எழுந்து போய், புகைக் குழாயின் உள்பக்கத்தை விரலால் தடவினார். மைபோலக் கறுப்பாக ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வாம்மா, ஓட்டிக் காட்டு."

வண்டிக்குள் ஏறி ஸ்டார்ட் செய்ததும், வழக்கம்போல ரேடியோ பாடியது. எங்கள் நிலையம்தான். அவர் கையை நீட்டி அணைத்தார். ஏர்கானையும் அணைத்தார்.

"ரேடியோவை அணைச்சுட்டு வாம்மா. வண்டி பேசுறது எப்படிக் கேக்கும்?"

சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவள் நான். ஒலிப்பதிவில் யாரோ பேப்பரைப் புரட்டினால்கூட என் காதுக்குத் தப்பாது. அப்படிப்பட்டவள் எட்டு மாதமாக என் வண்டியின் சத்தத்தைக் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு சத்தம் வந்த நாட்களில் வால்யூமைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

டியூக் நெடுஞ்சாலையில் ஏறி அழுத்தினேன். ஊய்ங் என்ற அந்த ஊளை இருந்தது. அதற்கு அடியில், மிதிக்கும்போது மட்டும், மெலிதாக ஸ்ஸ்ஸ் என்று ஒன்று. காலை எடுத்தால் நின்றுவிடும். அங்கிள் தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் ஒரு சின்ன ரப்பர் குழாயை இன்ஜினிலிருந்து உள்ளே இழுத்து, ஓர் அழுத்தமானியை என் முன்னால் கட்டினார். மறுபடி ஓட்டினோம். நல்ல வண்டியில் முழுதாக மிதித்தால் அரை பார் பக்கம் போக வேண்டுமாம். எங்கள் முள் 0.3 வரை துள்ளி, உடனே 0.15க்கு இறங்கியது.

"இதுதாம்மா முதல் கேள்வி. காத்து அழுத்தம் இருக்கா, இல்லையா? இது தெரியாம எந்தப் பாகத்தையும் கழட்டக்கூடாது."

அழுத்தம் சரியாக இருந்து சக்தி மட்டும் இல்லையென்றால் வேறு பக்கம் தேட வேண்டும்: பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஸ்பார்க், டைமிங். அழுத்தம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்து வண்டி இழுக்காவிட்டால், புகைக் குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம். சூப்பர்சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை, அதனால் உள்ளே தேங்குகிறது. அழுத்தம் அடியோடு எழும்பவே இல்லையென்றால் பைபாஸ் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். மெதுவாக ஓட்டும்போது காற்றைச் சுற்றிவிடும் கதவு அது. அழுத்தும்போது மூட வேண்டும், மூடாவிட்டால் ஊதிய காற்று ஊதிய இடத்துக்கே திரும்பும். எழும்பிவிட்டு இறங்கினால்? ஒன்று பெல்ட் வழுக்குகிறது, அல்லது எங்கேயோ காற்று ஒழுகுகிறது.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தார். பளபளப்பு ஏறவில்லை, வெடிப்பு இல்லை, டென்ஷனரும் திடமாக இருந்தது. பெல்ட் இல்லாமல் சூப்பர்சார்ஜரின் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். வெண்ணெயாகச் சுழன்றது. ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. என்னையும் சுழற்றச் சொன்னார்.

"4,200 வெள்ளின்னு சொன்னாங்களே, அது இதுதான். நல்லாத்தான் இருக்கு."

பைபாஸ் கதவின் நெம்புகோலும் தடையில்லாமல் போய்த் திரும்பியது. அப்படியானால் மிச்சம் ஒழுகல்தான்.

இங்கேதான் அவர் சொன்ன ஒன்று என் மனத்தில் நின்றது. "கம்ப்யூட்டர் சொல்லுது, பெட்ரோல் கம்மின்னு. புகைக் குழாய் சொல்லுது, பெட்ரோல் ஜாஸ்தின்னு. மை அவ்வளவு ஒட்டுதுல்ல? ஒரே வண்டி ரெண்டு மாதிரி பேசுது. அப்போ யாரும் பொய் சொல்லல. நோய் ரெண்டு."

புகை ஊதும் கருவியை மாட்டினார். வெண்புகை உள்ளே போய், சிறிது நேரத்தில் மேனிஃபோல்டுக்கு அடியிலிருந்து நூலாக எழுந்தது. இன்ஜினின் எண்ணெய் ஆவியைத் திரும்ப உள்ளே கொண்டுபோகும் பிரீதர் குழாய். இத்தனை வருட எண்ணெயிலும் சூட்டிலும் ரப்பர் பிஸ்கட்டாக இறுகி, வெடித்திருந்தது. வண்டி நின்று உறுமும்போது அந்த இடத்தில் உறிஞ்சல் இருக்கும். சென்சர் அளக்காத காற்று வெடிப்பு வழியாக நுழையும், கலவை மெலியும். பி 0171இன் காரணம் இதுதான். புதுக் குழாய் 68 வெள்ளி.

மாற்றியதும் இன்ஜின் அமைதியாக நின்றது. அதுவரை அது நடுங்கிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க கிளம்பிட்ட? நீ வந்தது வண்டி ஏற மாட்டேங்குதுன்னுதானே? இன்னும் ஏறிக் காட்டலையே."

மறுபடி ஓட்டினோம். முள் 0.2. ஸ்ஸ்ஸ் அப்படியே இருந்தது.

இரண்டாம் முறை, சூப்பர்சார்ஜர் வாயிலிருந்து த்ராட்டில் வரை உள்ள பாதையை இரண்டு பக்கமும் அடைத்து, கம்ப்ரெசரிலிருந்து அளவாக அரை பார் காற்றை விட்டார். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வந்தார். இன்டர்கூலருக்குப் போகும் முழங்கை ரப்பர் குழாயின் அடிப்பக்கம் கொப்பளித்தது. காற்றை நிறுத்தினால் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. காற்றை விட்டால் நான்கு சென்டிமீட்டருக்கு வாய் திறந்தது. புகைக் கருவியின் அழுத்தம் மிகக் குறைவு, அதற்கு இந்த வாய் திறக்கவே இல்லை. யாரோ எப்போதோ கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள், அதன் விளிம்பில்தான் கிழிசல்.

சென்சர் காற்றை அளந்துவிட்டது, கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலையும் ஊற்றிவிட்டது. ஆனால் அளந்த காற்று வழியிலேயே வெளியே போய்விட்டது. பெட்ரோல் மிஞ்சியது, புகைக் குழாய் கறுத்தது, வாரம் இருபது வெள்ளி கூடியது, காராக் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. எல்லாம் ஒரே வாயால்.

முழங்கைக் குழாய் 210. கூலி 250. மொத்தம் 528 வெள்ளி. அவர் மூன்றரை மணி நேரம் செலவழித்தார். அதில் பாதிக்கும் மேல் அவர் கையில் ஸ்பேனரே இல்லை. கடைசி ஓட்டத்தில் முள் 0.5ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ஸ்ஸ்ஸ் போய்விட்டது, ஊய்ங் மட்டும்.

இந்த மாதிரி வண்டி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, செந்தூலில் நாற்காலியில் உட்கார்ந்து நான் படித்ததைச் சொல்கிறேன்.

பட்டறைக்குப் போகும் முன் வண்டியை நீங்கள் கேளுங்கள். எப்போது, எந்த வேகத்தில், சூட்டிலா குளிரிலா, அழுத்தும்போதா விடும்போதா என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் கருவி காட்டும் கோடைவிட மதிப்பு மிக்கது. கோடு என்பது அறிகுறி. காய்ச்சல் 39 டிகிரி என்பதுபோல. எதனால் காய்ச்சல் என்று அது சொல்லாது.

பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால், "எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அழுத்தத்தை அளந்தார்களா? ஒழுகலைச் சோதித்தார்களா? பெல்ட்டைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்தார்களா? நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார், காட்டுவார்.

ஒரு கோளாறு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். எந்தக் குறைக்காகப் போனீர்களோ, அதே இடத்தில், அதே மாதிரி ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். சக்தி குறைந்த வண்டியை அழுத்தி ஓட்டிச் சமாளிக்கவும் வேண்டாம். பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்த நிலையில் இந்த இன்ஜின்களை முழுச் சுமையில் ஓட்டினால் பிஸ்டனே உருகும் அபாயம் உண்டு. அப்புறம் 4,200 வெள்ளி மலிவாகத் தெரியும்.

முக்கியமாக, நேரத்தைக் கொடுங்கள். 4 மணிக்கு எங்கேயாவது போக வேண்டுமென்றால், இன்னொரு நாள் போங்கள்.

போன ஞாயிறு மறுபடி பெந்தோங் போனோம். சித்தி இஞ்சி எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னார், அதுதான் சாக்கு. கோம்பாக் டோலைத் தாண்டியதும் ரேடியோவை அணைத்தேன். அம்மா, "ஏன், உன் ஃப்ரெண்டு நிகழ்ச்சிதானே போகுது?" என்றார். அவள் மன்னிப்பாள்.

கெந்திங் செம்பாவுக்கு முன்னால் ஒரு லாரி. கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, வலது தடத்துக்கு மாறி அழுத்தினேன். ஊய்ங் என்று எழுந்தது, லாரி பின்னால் போனது. திரும்ப இடது தடத்துக்கு வந்தபோது அப்பாவைப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில் இருந்தன.

"ம்ம், ஏறுது" என்றார். வண்டியை விற்பது பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.